திரைக்குள் வந்த ஊர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



‘தமிழ்த்துறை மேடையில் சினிமாவா?’ என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் தமிழ் சினிமாவில் நடந்த பெரிய மாற்றம் எதுவென்று கேட்டால், கேமராவையோ கிராஃபிக்ஸையோ நான் முதலில் சொல்லமாட்டேன். திரையில் மனிதர்கள் பேசிய தமிழ் மாறியது. அந்தத் தமிழோடு ஓர் ஊரும் திரைக்குள் வந்தது. ஆகவே நான் பேசப்போவது உங்கள் துறைக்கு உட்பட்ட விஷயம்தான்.

என் தாய்மாமா மதுரையில் ஒரு பட விநியோக அலுவலகத்தில் ‘ரெப்’ வேலை பார்த்தவர். இப்படி ஒரு வேலை இருந்ததே இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது. படத்தின் பிரதி பதினான்கு, பதினைந்து ரீல்களாகத் தகரப் பெட்டிகளில் ஊர் ஊராகப் போகும். பெட்டிக்குப் பின்னால் விநியோகஸ்தரின் ஆள் ஒருவர் போவார். ஆட்டத்துக்கு ஆட்டம் எத்தனை டிக்கெட் கிழிந்தது, தொடக்க எண் என்ன, முடிவு எண் என்ன என்று பார்த்து, டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் தாளில் கையெழுத்திட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், கொட்டகைக்காரர் கணக்கில் கை வைக்காமல் காவல் காக்கும் ஆள். கொட்டகையிலேயே படுக்கை, எதிர்த்த கடையில் சாப்பாடு.

மாமாவின் ஏரியா எம்.ஆர்., அதாவது மதுரை-ராமநாதபுரம். சினிமா வியாபாரிகளிடம் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி வரைபடம் உண்டு. என்.எஸ்.சி. என்றால் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. டி.டி. என்றால் திருச்சி-தஞ்சாவூர். டி.கே. என்றால் திருநெல்வேலி-கன்னியாகுமரி. அரசு மாவட்டங்களை எத்தனை முறை பிரித்துப் புதுப் பெயர் சூட்டினாலும் இந்த வரைபடம் அசையவில்லை.

மாமா ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. வசூல் எண்ணுக்குப் பக்கத்தில் அதற்கான காரணத்தையும் குறித்திருப்பார். உசிலம்பட்டி, சந்தை நாள், முதல் ஆட்டம் நிறைந்தது. கம்பம், திருவிழா, இரண்டாம் ஆட்டத்துக்குத் தரை டிக்கெட் போதவில்லை. முதுகுளத்தூர், மழை, நாற்பது பேர். படம் நல்ல படமா என்ற குறிப்பு எங்குமே கிடையாது. ஊர் எப்படி இருந்தது என்பது மட்டும் இருக்கும்.

அந்த நோட்டைப் புரட்டும்போது எனக்குத் தோன்றியதுதான் இன்றைய உரையின் விதை. பெட்டிக்கு ஊர் இருந்தது. பெட்டிக்குள் இருந்த படத்துக்கு ஊர் இல்லை.

பெயரில்லாத கிராமங்கள்

பழைய படங்களில் ஊரே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 1977இல் பாரதிராஜா ‘16 வயதினிலே’ எடுத்து, ஸ்டூடியோவின் அட்டைக் குடிசைகளிலிருந்து கேமராவை வெயிலுக்குக் கொண்டுவந்தார். 1979இல் மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ தந்தார். அவர்கள் போட்ட பாதையில்தான் மற்றவர்கள் நடந்தார்கள். ஆனாலும் அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் திரையில் நாம் கண்ட கிராமம் பெரும்பாலும் எல்லா ஊரும் கலந்த ஒரு பொதுக் கிராமம். ஓர் ஆலமரம், ஒரு பஞ்சாயத்துத் திண்ணை, ஒரு வாய்க்கால், தாழ்வாரம் வைத்த பெரிய வீடு. தொண்ணூறுகளில் இந்த வாய்க்காலும் வீடும் அநேகமாகக் கோபிசெட்டிபாளையத்திலோ பொள்ளாச்சியிலோ இருந்தன. தென்மாவட்டக் கதை சொன்ன ‘தேவர் மக’னே (1992) பொள்ளாச்சிப் பக்கத்தில்தான் படமானது. அந்த ஊரின் பெயர் தூவலூர். எந்தப் பேருந்தும் போகாத ஊர்.

பேச்சும் அப்படித்தான். கதாநாயகன் பொதுத்தமிழ் பேசுவான். வட்டார வழக்கு யாருக்கு என்றால் நகைச்சுவை நடிகருக்கு. மெட்ராஸ் பாஷையைச் சந்திரபாபுவும் சோவும் லூஸ் மோகனும் வைத்துக்கொண்டார்கள். மதுரைத் தமிழ் நெடுங்காலம் வடிவேலுவின் வாயில் குடியிருந்தது. கமல் போன்ற சிலர் விதிவிலக்கு. மற்றபடி, ஊரின் பேச்சு என்றாலே சிரிப்பதற்கு என்று கொட்டகை நமக்குப் பழக்கிவைத்திருந்தது. நம் அம்மா பேசும் தமிழைக் கேட்டு நாமே சிரித்தோம்.

இரண்டாயிரத்துக்குப் பின் அந்த வழக்கு நகைச்சுவை நடிகரிடமிருந்து கதாநாயகனிடம் வந்து சேர்ந்தது. காதலிக்கவும் அழவும் கொல்லவும் சாகவும் அதே தமிழ் போதும் என்றானது. இடமாற்றம் சிறிது, விளைவு பெரிது.

கேட்கத் தொடங்கிய காது

1999 டிசம்பரில் ‘சேது’ வந்தது. வாங்க ஆளில்லாமல் தவித்து, பார்த்தவர்கள் வாய்ச்சொல்லாலேயே ஓடிய படம். கும்பகோணத்தில் நடக்கும் கதை. இயக்குநர் பாலா தேனிப் பக்கத்துக்காரர். பாலுமகேந்திராவிடம் வேலை கற்றவர். பாலாவிடம் உதவியாளராக இருந்தவர் அமீர். அவர்கள் இருவரிடமும் தொழில் பார்த்தவர் சசிகுமார். பாலுமகேந்திராவின் இன்னொரு கிளையில் வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி. பாட்டனார் பாலுமகேந்திராவோ இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் பிறந்தவர். மதுரைத் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்த பரம்பரையின் வேர் கடலுக்கு அப்பால் போகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது: சிறுகதை படிப்பது. பாலுமகேந்திரா சன் டிவியில் ‘கதை நேரம்’ என்ற தலைப்பில் 52 தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக எடுத்தவர். உதவியாளர்களைத் தினமும் கதை படித்துச் சுருக்கி எழுதச் சொல்வார் என்று அவருடைய மாணவர்கள் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்கள். வட்டார வழக்கில் எழுதிக் குவித்த நம் எழுத்தாளர்களுக்கும் சினிமாவுக்கும் நடுவே இருந்த சுவரில் அப்படித்தான் கதவு திறந்தது. நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ நாவல் 2002இல் தங்கர் பச்சான் கையில் ‘சொல்ல மறந்த கதை’ ஆனது. ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதை 2008இல் சசியின் ‘பூ’ ஆயிற்று. பாஸ்கர் சக்தியின் ‘அழகர்சாமியின் குதிரை’ 2011இல் அதே பெயரிலேயே படமானது. ஜெயமோகனும் எஸ். ராமகிருஷ்ணனும் வசனம் எழுத வந்தார்கள். இலக்கியத்தில் ஐம்பது ஆண்டுகளாக ஒலித்த ஊர்த்தமிழ் கொட்டகைக்கு வந்து சேர இவ்வளவு காலம் பிடித்தது.

நடத்துநர் குரலும் ஒரு சோதனையும்

ஊர் வந்தது என்றதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். இயக்குநர் பேரரசு அந்த ஆண்டுகளில் எடுத்த படங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் அரசுப் பேருந்து நடத்துநர் குரல்தான் கேட்கும். திருப்பாச்சி, சிவகாசி, திருப்பதி, தருமபுரி, பழனி, திருவண்ணாமலை, திருத்தணி! மதுர, மலைக்கோட்டை, தாமிரபரணி, ராமேஸ்வரம் என்று மற்றவர்களும் பெயர்ப்பலகை எழுதினார்கள். ஊர்ப் பெயருக்கு அப்போது சந்தையில் விலை இருந்தது.

ஆனால் பெயர்ப்பலகை வேறு, ஊர் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கதையை அந்த ஊரிலிருந்து பெயர்த்து வேறோர் ஊரில் நட்டுப் பாருங்கள். பட்டுப்போனால் அது ஊர்க்கதை. அப்படியே நின்றால் ஊர் வெறும் பலகை.

2004 இறுதியில் வந்த பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ இந்தச் சோதனையில் தேறும். மதுரையில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் இளைஞன் ஒருவன். பள்ளிக்கூடம் போகும் வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி. இருவரும் சென்னைக்கு ஓடுகிறார்கள். மேன்ஷன் நண்பர்கள் தாலி கட்டிவைக்கிறார்கள். பெண் வீட்டார் வந்து நயமாகப் பேசி ஊருக்கு அழைத்துப்போய், பிறகு என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டறையின் கிரீஸ், அந்த வீட்டின் பணம், பெண்ணின் சித்தப்பாவுடைய நயமான பேச்சு, அதற்கடியில் கிடக்கும் சாதி, எதையும் இடம்பெயர்க்க முடியாது. நட்சத்திரம் இல்லாத இந்தப் படத்துக்குப் பணம் போட்டவர் பிரம்மாண்டத்துக்குப் பெயர்போன ஷங்கர் என்பது அந்தக் காலத்தின் விநோதம்.

அதே ஷங்கரின் நிறுவனம் 2006இல் வசந்தபாலனின் ‘வெயில்’ படத்தை எடுத்தது. பள்ளிக்கு மட்டம் போட்டுப் படம் பார்த்ததற்காக அப்பா மகனை நிர்வாணமாக வெயிலில் நிறுத்துகிறார். அவமானம் தாங்காமல் ஓடிப்போகும் சிறுவன் வேறோர் ஊரில் ஒரு கொட்டகையில் ஒதுங்கி, ஆபரேட்டர் அறையிலேயே வளர்ந்து ஆளாகிறான். கடைசியில் அந்தக் கொட்டகைக்கும் முடிவு வருகிறது. கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்புகிறான். இந்தக் கொட்டகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப இங்கே வருவோம்.

2007இல் அமீரின் ‘பருத்திவீரன்’. 2008இல் சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’. தன் படத்தைச் சசிகுமாரே தயாரித்து, இயக்கி, நடித்தார். 1980ஆம் ஆண்டு மதுரையின் ஒரு தெருவை, சட்டைக் காலரிலிருந்து சுவர் விளம்பரம் வரை திரும்பக் கட்டினார். நான்கு ஆண்டுகள் கழித்து, இந்தியில் ‘கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்’ எடுத்த அனுராக் காஷ்யப் படத்தின் தொடக்கத்திலேயே பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் நன்றி சொன்னார். தங்கள் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கத் தூண்டியவர்கள் அவர்கள் என்பது அந்த நன்றியின் பொருள். வடக்கே பார்த்துப் படம் எடுத்த கோடம்பாக்கத்தை வடக்கு திரும்பிப் பார்த்த தருணம் அது.

பேச்சைப் பற்றிச் சொன்னேன். அதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. 2011 பொங்கலுக்கு வந்த ‘ஆடுகளம்’ படத்தில், சேவற்கட்டுக் கிழவர் பேட்டைக்காரனாக நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன். அந்த முகத்துக்குக் குரல் கொடுத்தவர் ராதாரவி. துரையாக நடித்த கிஷோர் கன்னடர். அவருக்குக் குரல் சமுத்திரக்கனி. ஆங்கிலோ-இந்தியப் பெண்ணாக வந்த தாப்ஸி வடக்கத்தியர். அவருக்குக் குரல் ஆண்ட்ரியா. இயக்குநர் வெற்றிமாறனோ ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். இப்படி ஆளுக்கொரு திசையிலிருந்து இரவல் வாங்கிக் கட்டிய மதுரை, மதுரைக்காரர்களையே நம்பவைத்தது. ஆறு தேசிய விருதுகளும் வாங்கியது. வட்டார வழக்கு பிறப்புரிமைச் சொத்து என்று நினைக்கிறோம். அது காதின் உழைப்பு என்பதற்கு இந்தப் படம் சாட்சி. ‘வந்தாங்க’வுக்கும் ‘வந்தாய்ங்க’வுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஓர் எழுத்தைக் கேட்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைத்தான் இந்தத் தலைமுறை கொண்டுவந்தது.

அரசாங்கத்தின் தமிழ்

இதே காலத்தில் அரசாங்கமும் சினிமாவில் தமிழை வளர்க்கப் புறப்பட்டது. 2006இல், தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி முழுவதும் விலக்கு என்று ஆணை வந்தது. மறுநாளிலிருந்து கோடம்பாக்கத்தில் அகராதி புரட்டாதவர் இல்லை. ‘ஜில்லுனு’ என்பது ‘சில்லுனு’ ஆயிற்று. ‘ரோபோ’ பின்னாளில் ‘எந்திரன்’ ஆனான்.

அதில் ஒரு பெயர்மாற்றத்தைத் தமிழ்த்துறை மாணவர்கள் மறக்கக் கூடாது. ‘எம்டன் மகன்’ என்று ஒரு படம். எம்டன் என்பது 1914இல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பல். அன்று முதல் கெட்டிக்கார முரடனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். தொண்ணூறு ஆண்டுகள் தமிழர் நாவில் புழங்கிய சொல் வரிவிலக்கு வாசலில் அந்நியமாகி, படம் ‘எம் மகன்’ ஆகி உள்ளே போனது. ‘சென்னை 600028’ என்று ஓர் அஞ்சல் குறியீட்டு எண்ணே அடுத்த ஆண்டு படத்தின் பெயரானது. எண்ணுக்கு மொழி உண்டா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2011இல் ஆட்சி மாறியதும், ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை கூடியது. சாதிக்கொலையையும் தெருச்சண்டையையும் உள்ளபடி காட்டினால் ‘யு’ கிடைப்பது கடினம். ஆக, பலகையில் தமிழ் எழுதியவருக்குச் சலுகை; உள்ளே ஊரை உள்ளபடி வைத்தவருக்கு வரி. 2017இல் ஜி.எஸ்.டி. வந்து இந்தக் கணக்கையே முடித்துவைத்தது. தமிழ் என்பது எங்கே இருக்கிறது, தலைப்பிலா வாயிலா என்ற கேள்விக்கு அரசு ஒரு விடை வைத்திருந்தது. படம் எடுத்தவர்கள் வேறு விடை வைத்திருந்தார்கள்.

ஊரில் யார் இல்லை?

இதுவரை பாராட்டினேன். இனிக் கசப்பான பகுதி.

திரைக்கு வந்த ஊர் முழு ஊரா? மதுரை என்றாலே அருவாள் என்றாகிப்போனது. ‘சண்டியர்’ என்ற பெயருக்கு எதிர்ப்புக் கிளம்பி, 2004இல் அந்தப் படம் ‘விருமாண்டி’யாக வந்ததை நினைவுகூருங்கள். அந்த எதிர்ப்புக்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. யாருடைய வீரம் திரும்பத் திரும்பத் திரையில் மீசை முறுக்குகிறது என்ற கேள்வி அது. கார்த்திகேயன் தாமோதரன், ஹ்யூகோ கோரிஞ்ச் ஆகிய ஆய்வாளர்கள் இவற்றுக்கு ‘மதுரை ஃபார்முலா படங்கள்’ என்றே பெயர் சூட்டி, அவற்றுக்குள் ஓடும் சாதிப் பெருமிதத்தை எடுத்துக்காட்டினார்கள். ஊரைக் காட்டிய கேமரா சேரியைத் தாண்டி ஓடியது. நின்ற இடங்களிலும் சேரிக்காரர் யாருக்கோ அடியாளாக, யாருடைய கருணைக்கோ உரியவராகவே நின்றார்.

இரண்டாவது விடுபடல் இன்னும் அதிகம் கவனிக்கப்படாதது. ஊரின் முகமும் குரலும் ஆணுக்கு மட்டுமே கிடைத்தன. கதாநாயகன் கறுத்த, பரட்டைத்தலை உள்ளூர்ப் பையன். கதாநாயகி பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த சிவந்த பெண். அவள் குரல் டப்பிங் அறையில் வேறு யாரோ கொடுத்தது. ‘பருத்திவீரன்’ முத்தழகு போலச் சிலர் உண்டு. அந்தப் பாத்திரத்துக்காகப் பிரியாமணிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் அந்த முத்தழகுக்குப் படம் கொடுத்த முடிவைப் பாருங்கள். வீரன் செய்த பாவத்துக்கு அவள் உடல் வட்டி கட்டுகிறது. ‘சுப்ரமணியபுர’த்தில் கதாநாயகி தூண்டில்புழு.

ஏன் இப்படி? நான் ஒரு காரணம் சொல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். 1999இல் சன் டிவியில் ‘சித்தி’ தொடங்கியது. அதையடுத்து வந்த நெடுந்தொடர்கள் மாலை ஆறரைக்கு மேல் பெண்களை வீட்டிலேயே உட்காரவைத்தன. மாமாவின் நோட்டில் எண்பதுகளில் ‘பெண்கள் கூட்டம்’ என்ற குறிப்பு வாரத்துக்கு ஒருமுறையாவது இருக்கிறது. இரண்டாயிரத்துக்குப் பின் அந்தச் சொல்லே இல்லை. கொட்டகை இளவட்டங்களின் இடமாகச் சுருங்கியது. யார் டிக்கெட் வாங்குகிறார்களோ அவர்கள் முகம்தான் திரையில் தெரியும். பெண் இயக்குநர்கள் வராமல் இல்லை. பிரியா வி. 2005இல் ‘கண்ட நாள் முதல்’ எடுத்தார். சுதா கொங்கராவின் ‘துரோகி’ 2010இல் வந்தது. ஆனால் அந்த வரிசை குட்டையாகவே இருந்தது.

விடுபட்டவர்களில் ஒரு பகுதியினர் தாங்களே கேமராவோடு வந்தார்கள். 2012இல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’. நெடுங்காலமாகச் சிரிப்புக்குக் காரணமான சென்னைத் தமிழை அதன் சொந்தக்காரர்கள் காதலுக்கும் கானாவுக்கும் மாட்டுக்கறிக் குழம்புக்கும் பயன்படுத்தினார்கள். 2014இல் ‘மெட்ராஸ்’ ஒரு சுவரை வைத்தே வடசென்னையின் அரசியலைச் சொன்னது. 2018இல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ திருநெல்வேலியைக் கொண்டுவந்தது. அருவாள் பிடித்த கை எது, கழுத்து யாருடையது என்பதை இடம் மாற்றிக் காட்டியது. முதல் பத்தாண்டு ஊருக்குப் பெயர் கொடுத்தது. அடுத்தவர்கள் அந்த ஊரின் விடுபட்ட தெருக்களை எழுதிச் சேர்த்தார்கள்.

துணிக்கடையான கொட்டகை

‘வெயில்’ படத்தின் கொட்டகைக்குத் திரும்புவோம்.

மதுரையில் தங்கம் தியேட்டர் என்று ஒன்று இருந்தது. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டுவார்கள். மதுரை திரைக்குள் வந்த அதே ஆண்டுகளில் மதுரையின் அந்தத் திரை மூடிக் கிடந்து, இடிந்து, இன்று அங்கே பெரிய துணிக்கடை நிற்கிறது. ஊர் ஊராக இதே கதைதான்: கல்யாண மண்டபம், குடோன், வணிக வளாகம். இரவு ஆட்டத்துக்கு வரும் நூறு பேரைவிடக் கொட்டகை நின்ற மண்ணுக்கு விலை அதிகம்.

2010இல் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ எடுத்தார். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து சென்னை ரங்கநாதன் தெருத் துணிக்கடைக்கு வந்து, நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பிள்ளைகளின் கதை. கொட்டகை இருந்த இடத்தில் துணிக்கடை. கொட்டகையில் விசிலடித்திருக்க வேண்டிய பையன்கள் துணிக்கடையில் ‘வாங்க சார்’ என்று நிற்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது 2021இல். அந்தப் படத்தால் வந்த சட்டம் என்று நான் சொல்லமாட்டேன். பதினோரு ஆண்டு முன்னதாகவே ஒரு படம் அந்தக் கால்வலியைப் பார்த்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மிச்சமிருந்த கொட்டகைகளை டிஜிட்டல் மாற்றியது. சென்னை ரியல் இமேஜ் நிறுவனத்தின் ‘கியூப்’ போன்ற முறைகள் வந்த பிறகு, பெட்டி வேண்டாம், ரீல் வேண்டாம். ஒரே வெள்ளிக்கிழமையில் சென்னையிலும் சின்னமனூரிலும் கோலாலம்பூரிலும் படம் ஓடலாம். இதனால் பெரும் நன்மை உண்டு. முன்பு எங்கள் பக்கம் படம் வரும்போது ரீல் முழுக்கக் கோடு விழுந்து, மழை பெய்யும். இப்போது சென்னைக்காரர் பார்க்கும் அதே துலக்கம் சின்னமனூருக்கும் கிடைக்கிறது. எடுப்பதும் எளிதானது. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ ஸ்டில் கேமராவிலேயே படமானது. தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குனர்’ மேடையில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றோர் யாருக்கும் உதவியாளராகப் பத்தாண்டு காத்திராமல் ‘பீட்சா’, ‘சூது கவ்வும்’ என்று வந்தார்கள். 2013இல் ஃபியூஜி நிறுவனம் சினிமாவுக்கான பிலிம் தயாரிப்பதையே நிறுத்திக்கொண்டது.

இழந்தது என்ன? நாள். ‘சந்திரமுகி’ 2005இல் வெளியாகிச் சென்னை சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாட்களுக்கு மேல் ஓடியது. சொந்தக் கொட்டகை, சொந்தத் தயாரிப்பு என்று கேலி பேசியவர்களும் உண்டு. ஆனால் நாள் எண்ணும் பழக்கமே அதோடு ஓய்ந்தது. 2016இல் சாந்தியும் மூடியது. ஒரு படம் ஊருக்கு வந்து, தங்கி, சந்தை நாளையும் திருவிழாவையும் மழையையும் பார்த்துவிட்டுப் போன காலம் முடிந்தது. மூன்று நாள் வசூலில் படத்தின் ஆயுள் தீர்மானமாகிறது. முன்பு பெட்டிக்கு ஊர் இருந்தது, படத்துக்கு இல்லை. இன்று படத்துக்கு ஊர் இருக்கிறது, பெட்டியே இல்லை.

டிக்கெட் எண்ணிய ஆள்

மாமாவின் நோட்டில் கடைசிப் பதிவு 2008. அதற்குப் பிறகு அலுவலகம் அவரை அனுப்பவில்லை. அந்த ஆண்டு அவரைச் ‘சுப்ரமணியபுரம்’ பார்க்க அழைத்துப்போனேன். படத்தில் ஒரு காட்சி வரும்: 1980இல் ‘முரட்டுக்காளை’ வெளியான கொட்டகை. விசில், காகிதப்பூ, தள்ளுமுள்ளு. மாமா நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். கம்பி வலை போட்ட டிக்கெட் சந்தும் சட்டைக் காலரும் அச்சு அசலாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ‘நம்ம சனம் பேசுற மாதிரியே பேசுறாய்ங்க’ என்றார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டேன், ‘எப்படி மாமா இருந்துச்சு?’

‘எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கான். அம்புட்டுக் கூட்டத்துல டிக்கெட்டு எண்ணுன ஆளத்தான் காணோம்’ என்றார்.

அப்போது சிரித்தேன். பிறகு யோசித்தபோது, சினிமா விமர்சனத்தில் அதைவிடக் கூர்மையான கேள்வியை நான் படித்ததில்லை என்று தோன்றியது. தன் ஊர் முதன்முறையாகத் திரைக்குள் வந்ததைக் கண்டு மகிழ்ந்த மனிதர், உடனே அதில் தன்னைத் தேடினார். ஊரே வராத காலத்தில் அப்படித் தேட அவருக்குத் தோன்றியிராது. வந்த பிறகுதான் விடுபட்டது கண்ணில் படுகிறது. முத்தழகுகளின் குரலும் சேரித் தெருவும் அப்படித்தான் கேள்வியாயின.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை நல்ல ஊர்ப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, டீக்கடையில் நின்று மாமாவின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். யாரைக் காணோம்? விடை தெரிந்தவர் உங்களில் ஒருவராக இருந்தால், அவர் கையில் இப்போதே கேமரா இருக்கிறது. பெட்டி சுமக்கவும் வேண்டியதில்லை.